உன் பேர் என்ன, எங்கே குடியிருக்கிறாய்? – சிங்கப்பூர் கலைக்கூடத்தை முன்வைத்து

1

ஓவியம் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒரு வகையினர் கோடு, வண்ணம், வெளி என்று மட்டும் பேசுவார்கள். படத்துக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்டால், கலைக்குள் அரசியலைக் கொண்டுவராதே என்பார்கள். இன்னொரு வகையினர், இதெல்லாம் மேட்டுக்குடிச் சமாச்சாரம், உழைக்கிற சனங்களுக்கு இதனால் என்ன பிரயோசனம் என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிடுவார்கள். இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒன்று உண்டு. சேரியிலிருந்து வருகிற ஒருவர் ஒரு படத்தின் முன்னால் நின்று பார்ப்பார், பார்த்துவிட்டுத் தன் வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்வார், அதுவும் ஒரு விமர்சனமாக இருக்கும் என்பதை இரண்டு தரப்புமே யோசித்ததில்லை.

2023 சனவரியில் மேட்டூர்ப் பக்கத்து மாணவர்கள் ஒன்பது பேரோடு சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் ஒரு பகல் முழுவதும் இருக்க வாய்த்தது. மேட்டூர், மேச்சேரி சுற்றுப்பட்டுக் காலனிகளின் பிள்ளைகள். கல்லூரி, ஐ.டி.ஐ., நர்சிங் என்று படிக்கிறவர்கள். எங்கள் இரவுப் பாடசாலையில் பறை பழகியவர்கள். அங்கே வேலை செய்கிற நம் ஆட்கள் சிலர் கைக்காசு போட்டு நடத்திய பொங்கல் விழாவுக்குப் பறையடிக்க அழைத்திருந்தார்கள். அடித்து முடித்த மறுநாள் ஒரு பகல் மிச்சம் இருந்தது. அந்தப் பகலில் பிள்ளைகள் பார்த்ததும் சொன்னதுமே இந்தக் கட்டுரைக்கு அடிப்படை.

அவர்கள் பெயர்களை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். ‘நாளைக்கு இண்டர்வியூ போனா பேரத் தட்டிப் பாப்பாங்கண்ணா, எந்தப் பத்திரிகைல வந்திருக்குதுன்னு பாத்தாலே போதும், ஆளு யாருன்னு தெரிஞ்சுக்குவாங்க’ என்றான் ஒருவன். பெயரைப் பற்றிய ஒரு கட்டுரையில் பேசுகிறவர்களுக்குப் பெயர் இல்லாமல் போவது முரண்தான். அந்த முரணை உண்டாக்கியவர்கள் நாங்கள் அல்ல.

2

கலைக்கூடம் இருப்பது பாடாங் என்கிற பெரிய புல்வெளிக்கு எதிரே. இரண்டு பழைய அரசாங்கக் கட்டடங்களை ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். ஒன்று, 1929இல் கட்டி முடித்த நகராட்சிக் கட்டடம், பின்னாளில் நகர மண்டபம். மற்றது, 1939இல் கட்டி முடித்த உச்ச நீதிமன்றம். 2015 நவம்பரில் இரண்டும் சேர்ந்து கலைக்கூடமாகத் திறக்கப்பட்டன. இந்த மண்டபத்துக்கு முன்னால்தான் 1943 சூலை 5 அன்று சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு டெல்லிக்குப் போகச் சொன்னார். மலேயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் கூலிகள் பலர் அந்தப் படையில் சேர்ந்தார்கள். 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பான் படை சரணடைந்து கையெழுத்துப் போட்டதும் இதே கட்டடத்துக்குள்தான்.

அந்த ஊர்க் குடிமக்களுக்கு அனுமதி இலவசம். வெளிநாட்டவர்க்கு அப்போது 20 வெள்ளி. எங்களை ரயிலேற்றிக் கூட்டிவந்தவர் நங்கவள்ளிப் பக்கத்துக்காரர், பத்து வருடமாகக் கட்டட வேலை. ‘நீங்க போயிட்டு வாங்க தம்பி. இருவது வெள்ளின்னா எனக்கு ஒரு நாள் பேசிக்கு’ என்று சொல்லிப் புல்வெளி ஓரம் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் சீட்டு எடுக்கிறோம் என்றும் கேட்கவில்லை. ‘இந்த மாதிரிக் கட்டடமெல்லாம் நாங்க சாரத்து மேல நின்னு பாத்ததுதான்’ என்றார்.

நீதிமன்றப் பகுதியில், விசாரணைக்குக் கொண்டுவந்த கைதிகளை அடைத்து வைத்த அறைகளில் இரண்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் உள்ளே போய் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் எடுத்தார்கள். ஒருவன் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. அவன் அப்பா ஊர்த் தகராறு ஒன்றில் பொய் வழக்குப் போடப்பட்டுப் பதினைந்து நாள் ரிமாண்டில் இருந்தவர். ‘இதையெல்லாமா காட்டுவாங்க’ என்று கேட்டுவிட்டு நடந்தான். பழைய சிறையறையைக் காட்சிப் பொருளாக வைக்க வேண்டுமென்றால் அதனோடு உள்ள கணக்கு முடிந்திருக்க வேண்டும். நமக்கு முடியவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பு எழுதப்பட்ட மாதிரியான ஓர் அறையை யாராவது வண்ணமடித்து விளக்குப் போட்டுக் காட்டினால் நம்மால் அதை அழகு என்று பார்க்க முடியாது. இது ரசனைக் குறைவு என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதே கட்டடத்தில் அடிக்கல் ஒன்றும் இருக்கிறது. 1937 ஏப்ரல் 1 அன்று ஆளுநர் ஷென்டன் தாமஸ் நாட்டியது. அதன் கீழே ஒரு பேழையைப் புதைத்து, அன்றைய செய்தித்தாள்களையும் நாணயங்களையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். கி.பி. 3000ஆம் ஆண்டு வரை அதை எடுக்கக் கூடாதாம். நர்சிங் படிக்கிற பெண் இதைக் கேட்டுவிட்டு, ‘கல்லு நட்டவரு பேரு மூவாயிரம் வருசத்துக்குப் போயிச் சேரும். கல்லு தூக்குனவங்க பேரு சாயங்காலம் வரைக்குமாச்சும் இருந்துச்சுங்களாண்ணா?’ என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியைக் கேட்க மேட்டூர்க்காரியால் முடியும். எங்கள் அணை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. தேக்கிய நீருக்குச் சென்னை மாகாண ஆளுநர் ஸ்டேன்லியின் பெயர். உபரி நீர் போகிற துறைக்கு இஞ்சினியர் எல்லிஸின் பெயர். 5,300 அடி நீளச் சுவருக்குக் கல் உடைத்தவர், மண் சுமந்தவர், சுண்ணாம்பு அரைத்தவர் பெயரென்று ஒன்றுகூட அங்கே நம் கண்ணில் படாது. அணை முழுக அடித்த ஊர்களில் சாமிக்கும் சர்ச்சுக்கும்கூடத் தடயம் மிஞ்சியிருக்கிறது. தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் நந்தி தலை தெரிகிறது, தேவாலயக் கோபுரம் தெரிகிறது, பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். அதே ஊர்களின் சேரிகள் எந்த வெயில் காலத்திலும் வெளியே தெரிவதில்லை. கூரையும் மண்சுவரும் தண்ணீருக்குள் எத்தனை நாள் நிற்கும்?

3

நாங்கள் போனபோது சிங்கப்பூர் ஓவியங்களுக்கான பகுதியில், 19ஆம் நூற்றாண்டு தொட்டு அந்த ஊர்க் கலையின் வரலாற்றைச் சொல்லும் காட்சி ஒன்று இருந்தது. 2015 திறப்பு விழாவிலிருந்து இருந்த காட்சி. 2025இல் அதை மாற்றி அமைத்துவிட்டார்கள். அதில் இரண்டு படங்களின் முன்னால்தான் எங்கள் நேரத்தில் பெரும்பகுதி போயிற்று.

முதல் படம், ஹைன்ரிக் லாய்டமான் என்கிற ஜெர்மானியர் ஏறத்தாழ 1865இல் செய்த மரச்செதுக்கு அச்சு. சிங்கப்பூரில் சாலை அளக்கும்போது நேர்ந்த இடையூறு என்பது அதன் தலைப்பு. 1835இல் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம். அரசாங்கப் பொதுப்பணிக் கண்காணிப்பாளர் கோல்மன் காட்டுக்குள் அளவைக் கருவியை நட்டுச் சாலைக்கு அளந்துகொண்டிருக்கிறார். புதரிலிருந்து புலி பாய்கிறது. கருவி சாய்கிறது. கோல்மன் தடுமாறுகிறார். சுற்றி இருக்கும் வேலைக்காரர்கள் சிதறுகிறார்கள். அடிபட்டது கருவி மட்டும்தான் என்பது கதை.

அந்த வேலைக்காரர்கள் இந்தியக் கைதிகள். 1825இலிருந்து 1873 வரை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளைக் கொண்டுதான் கிழக்கிந்தியக் கம்பெனியும் பிறகு பிரிட்டிஷ் அரசும் அந்தத் தீவில் சாலை போட்டன, சதுப்பைத் தூர்த்தன, கட்டடம் கட்டின. கலைக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கிற தூய அந்திரேயா பேராலயம் அவர்கள் கட்டியது. 1862இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் சுவரில் பூசியது ‘மதராஸ் சுண்ணாம்பு’. சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்துப் பளபளப்பாக்குகிற வேலை. போகும் வழியில் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்த ஐ.டி.ஐ. பையன், ‘எங்க தாத்தா வெல்லமும் கடுக்காயும் ஊறப் போட்டுப் பூசுவேன்னு சொல்லும். கை வெந்து தோலு உரியுமாம்’ என்றான். கடல் தாண்டிப் போனதில் அந்தத் தொழிலறிவும் ஒன்று. அதற்கு ‘மதராஸ்’ என்று ஊர்ப்பெயர் கிடைத்தது. ஆள் பெயர் கிடைக்கவில்லை.

நான் இங்கே அவசரப்பட்டு ஒன்றைச் சொல்ல விரும்பவில்லை. அந்தக் கைதிகள் எல்லாரும் நம்மவர் என்று சொல்ல முடியாது. வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணங்களிலிருந்தும் போனார்கள், எல்லாச் சாதியிலும் இருந்தார்கள். நான் பார்ப்பது படம் அவர்களை எப்படி வைத்திருக்கிறது என்பதை. கோல்மனுக்கு முகம் இருக்கிறது, வரலாற்றில் பெயர் இருக்கிறது, பாலத்துக்கும் தெருவுக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். புலிக்கும் இந்தப் படத்தால் புகழ். அந்த ஊர்க் கலைஞர் ஹோ சூ நியென் இந்தப் படத்தையே எடுத்துப் புலியை வைத்து 2017இல் ஒரு காணொளிப் படைப்பு செய்திருக்கிறார். கைதிகள் கையும் காலுமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்கள் பயந்தார்கள் என்பதைக் காட்டத்தான் படத்தில் இருக்கிறார்கள். கருவி உடைந்ததற்குக் கவலை இருக்கிறது. ஓடியவர்களில் ஒருவன் விழுந்து கால் ஒடிந்தானா என்று கேட்க அங்கே ஆளில்லை.

பிள்ளைகளில் ஒருவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: ‘சங்கிலி புடிக்கறவன் பேரு எந்தப் படத்துலயும் வராதுண்ணா. சர்வேயர் வந்தா எங்கூர்லயும் சங்கிலி புடிக்கறது எங்க மாமனுங்கதான். அளந்து முடிச்சா நெலம் யாருக்குப் போச்சுன்னு கேளுங்க.’ பத்துப் பக்கம் எழுதி நான் சொல்ல வேண்டியதை அவன் படத்தின் முன்னால் நின்றே சொல்லிவிட்டான். காலனியத்தை விமர்சிக்கிற மேலை நாட்டு அறிஞர்கள் இந்தப் படத்தில் வெள்ளையனுக்கும் இயற்கைக்கும் நடக்கும் மோதலைப் படிப்பார்கள். அளக்கிறவன், அளவுச் சங்கிலியைப் பிடிக்கிறவன், அளந்த நிலம் போய்ச் சேருகிற இடம் என்கிற மூன்றையும் சேர்த்துப் படிக்கக் காலனியிலிருந்து வந்த ஒரு பையன் தேவைப்பட்டான்.

4

இரண்டாவது படம் சுவா மியா டீ 1959இல் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’. எண்ணெய் வண்ணம். சுவா 1931இல் சீனாவில் பிறந்து சிறுவயதிலேயே சிங்கப்பூர் வந்தவர். சமூகத்தை உள்ளது உள்ளபடி தீட்ட வேண்டும் என்று கருதிய ஓவியர்களில் ஒருவர். 1959 சிங்கப்பூர் சுயாட்சி பெற்ற ஆண்டு. மலாய் தேசிய மொழி என்றானது. சீன இளைஞர்கள் ஒரு வட்ட மேசையைச் சுற்றி இருந்து, ஒரு மலாய் ஆசிரியரிடம் அந்த மொழியைப் படிக்கிறார்கள். பகட்டு ஏதும் இல்லாத அறை. கரும்பலகையில் இரண்டு வரிகள். ‘சியாப்பா நாமா காமு? டி மானா அவாக் திங்கால்?’ எங்களோடு வந்திருந்த உள்ளூர்த் தமிழாசிரியை அதைப் படித்து அர்த்தம் சொன்னார்: உன் பெயர் என்ன? நீ எங்கே குடியிருக்கிறாய்? நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்த முழுக் காட்சிக்குமே முதல் வரியைத்தான் தலைப்பாக வைத்திருந்தார்கள்.

அக்கா அர்த்தம் சொன்னதும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்குப் புரியவில்லை. ‘என்னங்க, நான் தப்பாச் சொல்லிட்டனா?’ என்று கேட்டார். ‘இல்லக்கா, இதெ எங்கூர்ல பஸ்ஸுல கேப்பாங்க’ என்றாள் ஒருத்தி.

சேலம், நாமக்கல் பக்கம் ஒரு புதிய ஆளைக் கண்டால் கேட்கிற கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. எந்தூரு தம்பி? ஊர்ல எந்தப் பக்கம்? கோயில் பக்கமா, ஏரிப் பக்கமா? அப்பா பேரு என்ன? அப்படியா, யாரு வகையறா? நேராகச் சாதியைக் கேட்பது நாகரிகம் இல்லை என்பதால் இத்தனை சுற்று. கேட்கிறவர் முகத்தில் சிரிப்புக்கூட இருக்கும். பதில் கிடைத்ததும் டம்ளர் மாறும், நாற்காலி மாறும், விளிக்கிற சொல் மாறும். பலகையில் எழுதியிருக்கும் இரண்டு கேள்விகளும் நமக்கு மொழிப்பாடத்தின் முதல் பாடம் அல்ல. தொடக்கப் பள்ளியின் முதல் நாளிலேயே நாம் பதில் சொல்லத் தடுமாறிய கேள்விகள்.

2015 சூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தன்னோடு படித்த பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கும்பல் இருவரையும் மடக்கி விசாரித்தது. யார், என்ன சாதி என்பதே விசாரணையின் சாரம். பெண்ணை அனுப்பிவிட்டு அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் பாதையில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை 2023இல் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. எங்களோடு வந்த பிள்ளைகளில் சிலர் ஓமலூருக்குப் பஸ் ஏறிப் படிக்கப் போகிறவர்கள். பெயரும் இருப்பிடமும் கேட்கப்படுவது அவர்கள் உடம்புக்குத் தெரிந்த அபாயம். படத்தின் முன்னால் வந்த சிரிப்பை அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் அக்கா சொன்னார். முதல் வரியில் ‘காமு’, இரண்டாம் வரியில் ‘அவாக்’. இரண்டும் முன்னிலைச் சொற்கள்தான், ஆனால் எல்லாரையும் அப்படி அழைத்துவிட முடியாது, பெரியவர்களைக் ‘காமு’ என்றால் மரியாதைக் குறைவு என்றார். தமிழ் படித்தவனுக்கு இது பெரிய விசயம். நீ, நீர், நீங்கள் என்று இலக்கணத்தில் நாம் படிப்பது எண்ணையும் மதிப்பையும் பற்றிய பாடம். எங்கள் ஊரில் அது தெருவைப் பற்றிய பாடம். அறுபது வயதுப் பெரியவரைப் பள்ளிக்கூடத்துப் பையன் ‘வாடா’ என்பான். அவர் அவனை ‘சாமி, வாங்க’ என்பார். மலாய் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் யாரை எப்படி விளிப்பது என்பதைப் புதிதாகத் தொடங்குகிறார்கள். நம் மொழியில் அந்தப் பாடத்தை யார் புதிதாகத் தொடங்குவது?

5

இப்போது ஒரு மறுப்பு வரும். ஒரு சீன ஓவியர் 1959இல் வேறொரு நாட்டில் வரைந்த படத்துக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம், இது வலிந்து படிப்பதல்லவா என்பார்கள்.

சம்பந்தம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆட்சியாளனின் மொழி ஒரு பக்கம், அவரவர் வீட்டு மொழி ஒரு பக்கம். இரண்டையும் விட்டு ஒரு பொதுமொழியில் ஒருவரையொருவர் முதல்முறையாக விசாரித்துக்கொள்கிறார்கள். வட்ட மேசையில் தலைமாடு, கால்மாடு கிடையாது. பதில் எதுவாக இருந்தாலும் இருக்கை மாறாது என்கிற நம்பிக்கையில்தான் கேள்வி கேட்கப்படுகிறது. இந்தப் படத்தின் அழகு என்று நான் கருதுவது அதைத்தான். அந்த நம்பிக்கை இல்லாத இடத்திலிருந்து வந்தவர்களுக்கு அது சட்டென்று கண்ணில் பட்டது. வலிந்து படிக்க வேண்டிய அவசியமே எங்களுக்கு இருக்கவில்லை.

அதற்காகப் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். தமிழும் அந்த நாட்டின் ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று. ஆனால் அந்த மேசையில் தமிழ்க் கூலி ஒருவர் உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மலேயாத் தோட்டங்களில் கங்காணிகள் லயத்தில் வீடு ஒதுக்கும்போதே சாதி பார்த்தார்கள். கப்பலேறியவர்கள் எல்லாரும் சாதியைக் கடலில் போட்டுவிட்டுப் போகவில்லை. இன்றைக்கு அங்கே கட்டடம் கட்டுகிற நம் தொழிலாளிகள் லாரியின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போகப்படுகிறார்கள். 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும் கலவரம் மூண்டது. அரசு அதன்பின் கவனம் செலுத்தியதில் முக்கியமானது மது விற்பனைக் கட்டுப்பாடு. 2020 கொரோனாக் காலத்தில் தொழிலாளர் விடுதிகளை மாதக்கணக்கில் பூட்டிவைத்தார்கள். பெயர் என்ன என்று கேட்கிற கலைக்கூடத்துக்கு எதிரே, புல்வெளி ஓரம், எங்களைக் கூட்டிவந்தவர் அன்று பகல் முழுக்கப் பெயர் கேட்பாரில்லாமல் உட்கார்ந்திருந்தார். படம் கொடுத்த வாக்கை அந்த நாடு எல்லாருக்கும் காப்பாற்றவில்லை.

நம் ஊர்க் கதை இதைவிட மேல் இல்லை. சென்னை மெரினாவில் 1959இல் நிறுவிய உழைப்பாளர் சிலை தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். அதே ஆண்டு, இரண்டு கடற்கரை நகரங்கள், இரண்டு படைப்புகள். சுவா எழுத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் சனங்களைக் காட்டினார். ராய் சௌத்ரி நரம்பு புடைத்த உடம்பைக் காட்டினார். அந்தச் சிலையை நான் மதிக்கிறேன். ஆனால் நம்மைப் பற்றிய நவீன கலை ரொம்ப காலமாக உடம்போடு நின்றுவிட்டது. கறுத்த மேனி, முறுக்கேறிய தசை, வியர்வை. அந்த உடம்பு என்ன நினைத்தது, என்ன பெயரால் தன்னை அழைத்துக்கொண்டது என்பதற்குள் அது போகவில்லை.

6

பெயர்ப் பிரச்சினையை நாம் நேற்றுத் தொடங்கவில்லை. 1881 குடிக்கணக்கின்போதே அயோத்திதாசப் பண்டிதர் நம்மைப் பூர்வத் தமிழர் என்று பதிய வேண்டும் என்றார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கு ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். வசவாக வீசியதை எடுத்துக் கொடியாகக் கட்டிய காரியம் அது. 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர் என்கிற பெயருக்குத் தீர்மானம் கொண்டுவந்தார். 1990களில் தலித் என்ற சொல்லை நம் இதழ்கள் முன்வைத்தபோது எத்தனை எதிர்ப்பு வந்தது என்பது மூத்த தோழர்களுக்கு நினைவிருக்கும். ‘உன் பெயர் என்ன’ என்பதற்கு ஒன்றரை நூற்றாண்டாக நாமே பதிலெழுதித் திருத்திக்கொண்டு வருகிறோம்.

‘எங்கே குடியிருக்கிறாய்’ என்பதற்குப் பதில் எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். ஊர் என்றால் அவர்கள் தெரு, காலனி என்றால் நாம். 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சொல்லை எடுத்துவிட்டுச் சுடுகாட்டுப் பாதையை அப்படியே விட்டால், ஏரிப் பக்கமா கோயில் பக்கமா என்கிற பஸ் கேள்விக்கு வேறொரு சொல்லில் அதே பதில் கிடைத்துவிடும். பலகையில் எழுத்து மாறுவதோடு மேசையும் மாற வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு பிள்ளைகளே ஒரு வேலையைத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு காலனியாகப் போகிறார்கள். உங்க வீட்டுல அணை வேலைக்குப் போனவங்க யாரு, அவங்க பேரு என்ன, எந்த ஊர்ல இருந்து வந்தாங்க என்று கேட்டு எழுதுகிறார்கள். அணைக்குக் கல் சுமந்தவர்கள் இன்று இல்லை. பேரன், பேத்திகளுக்கே எழுபது, எண்பது வயது. சிலர் ‘தாத்தன் பேரு தெரியாது சாமி, மேஸ்திரி கூப்புட்ட பேருதான் தெரியும்’ என்கிறார்கள். அதையும் அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். ஒரு பாட்டி தன் மாமியார் ஈயச்சட்டியில் மண் சுமந்த இடத்தைக் காட்டுவதற்காகப் பதினாறு கண் மதகு வரைக்கும் நடந்தே வந்தார். ஓவியம் வரையத் தெரிந்த பையன் ஒருவன் சொன்னவர்களின் முகத்தைப் பென்சிலில் வரைகிறான். போட்டோ இல்லாதவர்களுக்கு, பேரனின் முகத்தை வைத்துத் தாத்தனின் முகத்தைப் போடுகிறான். பேரனின் மூக்கும் தாடையும் தாத்தனுக்கு எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்கிறார்கள். வெள்ளைக்காரன் கண்டும் காணாமலும் வரைந்த புலிப் படத்தைவிட அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் என்பது என் கருத்து.

கலைக்கூடம் நமக்கு எதற்கு என்று கேட்கிற தோழர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அங்கே போக வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சிங்கப்பூர் போக முடியாவிட்டால் எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது, சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. படத்தின் கீழே எழுதியிருப்பதை முதலில் படிக்காமல், படத்தில் யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார், யாருக்குப் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சொல்வதை எழுதி வைக்க வேண்டும். அணை கட்டிய, ரயில் பாதை போட்ட, மில் கட்டிய ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஒரு நோட்டு தொடங்கலாம். மேட்டூர் நோட்டில் பாதிப் பக்கம் நிரம்பியிருக்கிறது. சொல்லத் தெரிந்தவர்கள் வயதானவர்கள். அடுத்த கோடைக்குள் மற்ற ஊர்த் தோழர்களும் தொடங்கிவிட வேண்டும்.